சட்டை நீளம் ஏன் ஏறவில்லை?

பாம்பனில் நான் நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அடுத்தது ஒரு தையல்கடை. கடைக்காரப் பாய்க்கு எழுபது வயது நெருங்குகிறது. வருகிறவர்களின் அளவை ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார். பழைய நோட்டுகளையும் தூக்கிப் போட மாட்டார். 2022 டிசம்பரில், கிறிஸ்துமஸ் துணி தைக்கிற நெரிசலுக்கு நடுவே, மூன்று நோட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கடைக்குள் வந்தார்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. இந்தப் பயலுக்கு மூணு வருசமா சட்டை நீளமே ஏறல. நான்தான் டேப்பத் தப்பாப் பிடிக்கிறேனோன்னு ரெண்டு தடவ அளந்துட்டேன்."

2020 டிசம்பர்: சட்டை நீளம் 21 அங்குலம், பேன்ட் 30. 2021 டிசம்பர்: சட்டை 21, பேன்ட் 30¾. 2022 டிசம்பர்: சட்டை 21¼, பேன்ட் 31½. இடுப்புச் சுற்று மட்டும் இரண்டு அங்குலம் கூடியிருந்தது.

பையனுக்கு அப்போது 12 வயது. அவன் வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வயதில் அவனுக்குச் சிறுமூளையில் கட்டி வந்தது. மெடுல்லோபிளாஸ்டோமா என்பார்கள்; குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுகளில் அடிக்கடி பார்க்கிற ஒன்று. அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு தலை முழுவதும், முதுகுத்தண்டு முழுவதும் கதிர்வீச்சு. எங்கள் பக்கம் அதைக் 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொல்வோம். அதற்கப்புறம் கீமோ. நோய் போய்விட்டது. வருடாவருடம் ஸ்கேன் எடுத்தார்கள், ஸ்கேன் சுத்தமாக இருந்தது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். உயரத்தைப் பற்றி அவன் அம்மாவிடம் கேட்டபோது, "எங்க வழியே குட்டைதான் அண்ணே. அவங்க அப்பா மட்டும் என்ன, தென்னமரமா?" என்று சிரித்தார். ஆனால் அவனுக்கு மூன்று வயது இளைய தம்பியின் பேன்ட் அளவும் அந்த டிசம்பரில் 31½ தான்.

நோயைக் கொன்ற அதே சிகிச்சை, பல வருடம் கழித்து உடம்பின் ஹார்மோன்களில் ஏன் கை வைக்கிறது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. ரத்தம் எடுத்து ரிசல்ட் கொடுக்கிறவன். இந்தக் கதையில் எனக்கும் ஒரு தப்பு உண்டு. அது பின்னால் வருகிறது.

முதலில் நல்ல சேதி. 1948ல் அமெரிக்காவின் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்று வந்த 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. அதற்கு முன்னால் அந்த நோய் வந்த குழந்தை சில மாதங்கள்கூடத் தாங்காது. இன்று வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் பிழைத்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி வாழ்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிழைக்கிறவர்கள் இத்தனை பேர் ஆன பிறகுதான் அடுத்த கேள்வியே எழுந்தது: பிழைத்தவர்கள் இருபதாவது வயதில், முப்பதாவது வயதில் எப்படி இருக்கிறார்கள்? அவர்களில் 100க்கு 40 முதல் 50 பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு ஹார்மோன் கோளாறாவது வருகிறது என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. பாதிக்குப் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோன் என்றால் என்ன? ஒரு சுரப்பி ரத்தத்தில் கலந்து அனுப்புகிற ரசாயனத் தகவல். தபால் மாதிரி வீட்டு வீட்டுக்குப் போகாது; ரத்தம் போகிற எல்லா இடத்துக்கும் போகும், கேட்கிற காது உள்ள உறுப்பு மட்டும் கேட்கும். வளர்ச்சி, பசி, தூக்கம், வயதுக்கு வருவது, எலும்பு பலப்படுவது, காய்ச்சல் வந்தால் ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவது, எல்லாம் இந்தத் தகவல்களில்தான் ஓடுகின்றன.

இதில் மேல் கீழ் உண்டு. எங்கள் கரையை வைத்தே சொல்லிவிடுகிறேன். விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமென்றால் மீன்வளத்துறை டோக்கன் கொடுக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் டோக்கன் கிடையாது. டோக்கன் கிடைத்தால் படகு முதலாளியான சம்மாட்டி ஆளைக் கூப்பிட்டுப் படகை அனுப்புவார். படகு குறைந்த மீனோடு திரும்பினால் சம்மாட்டி சத்தம் போடுவார். நிறைய மீனோடு வந்தால் பேசாமல் இருப்பார். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ்தான் டோக்கன் ஆபீஸ். அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி, சம்மாட்டி. கழுத்தில் தைராய்டு, சிறுநீரகத்தின் தலைமேல் அட்ரினல், பெண்ணுக்குச் சினைப்பை, ஆணுக்கு விதைப்பை, இவையெல்லாம் படகுகள். வளர்ச்சி ஹார்மோனைச் சம்மாட்டி வேறு படகை நம்பாமல் தானே நேரடியாக அனுப்புகிறார்.

சிகிச்சை இதில் எங்கே பட்டது என்பதைப் பொறுத்துத்தான் பிற்காலத்துப் பிரச்சினை. தலைக்குக் கதிர்வீச்சு என்றால் டோக்கன் ஆபீசும் சம்மாட்டியும் அடி வாங்குகிறார்கள். கழுத்துக்கு என்றால் தைராய்டு. சில வகைக் கீமோ மருந்துகள் சினைப்பையையும் விதைப்பையையும் தேடிப் போய் அடிக்கின்றன. நெடுநாள் கொடுத்த ஸ்டீராய்டு எலும்பைத் தொடுகிறது.

ஏன் உடனே தெரிவதில்லை என்று கேட்பீர்கள். கதிர்வீச்சு செல்லை அந்த இடத்திலேயே கொல்வது பாதிதான். மீதி, செல்லுக்குள் இருக்கிற மரபுப் பொருளைக் கீறி வைக்கிறது, சுற்றியுள்ள சின்ன ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. சுரப்பியில் மிச்சமிருக்கிற செல்கள் கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்து ஓட்டும். குழந்தை சின்னதாக இருக்கும்வரை தேவையும் குறைவு. வளர வளரத் தேவை கூடும், சரக்கு போதாது. அதனால்தான் ஐந்து வருடம், பத்து வருடம், சிலருக்கு இருபது வருடம் கழித்து வெளியே தெரிகிறது.

அளவும் முக்கியம். கதிர்வீச்சைக் 'கிரே' என்ற அலகில் அளக்கிறார்கள். பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்களில் முதலில் விழுவது வளர்ச்சி ஹார்மோன். தலைக்கு 18 கிரே போனாலே அதற்கு ஆபத்து உண்டு. 30 கிரேயைத் தாண்டினால் தைராய்டு, அட்ரினல், சினைப்பை, விதைப்பைகளை இயக்கும் தகவல்களும் குறையத் தொடங்கலாம். ரத்தப் புற்று மூளைக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாதென்று 1970களில் குழந்தைகளின் தலைக்கு 24 கிரே வரை வைத்தார்கள். பிறகு அதை 18 ஆகக் குறைத்தார்கள். இன்று பெரும்பாலான ரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குத் தலைக்குக் கதிர்வீச்சே கிடையாது, முதுகில் போடும் ஊசி மருந்தோடு சமாளிக்கிறார்கள். ஆகவே இன்று நாற்பது வயதில் இருக்கும் ஒருவர் வாங்கியதும், போன வருடம் சிகிச்சை முடித்த குழந்தை வாங்கியதும் ஒன்றல்ல. மெடுல்லோபிளாஸ்டோமா போன்ற மூளைக் கட்டிகளுக்கு மட்டும் இன்னும் 23 முதல் 36 கிரே வரை முழுத் தலைக்கும் முதுகுக்கும் தேவைப்படுகிறது, கட்டி இருந்த இடத்துக்கு 54ஐ ஒட்டிப் போகும். நம் பையன் இந்த வகை.

இப்போது பாயின் நோட்டுக்குத் திரும்புவோம். நாலு வயதிலிருந்து வயதுக்கு வரும்வரை ஒரு குழந்தை வருடத்துக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர், அதாவது சுமார் இரண்டு அங்குலம் வளர வேண்டும். நாலு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் டாக்டர் யோசிப்பார். இவனுக்குச் சட்டையையும் பேன்டையும் கூட்டினாலும் வருடத்துக்கு ஒரு அங்குலத்தைத் தாண்டவில்லை. அதுவே வளர்ச்சி ஹார்மோனைச் சந்தேகப்படப் போதும். ஆனால் பாய் கவனித்தது அதைவிடக் கூர்மையானது. பேன்ட் கொஞ்சமாவது ஏறியது, சட்டை ஏறவில்லை. காரணம், முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியிலும் வளர்கிற குருத்து இருக்கிறது. முதுகுத்தண்டுக்குப் போன கதிர்வீச்சு அந்தக் குருத்தையே நேரடியாகக் கருக்கிவிட்டது. கால் எலும்புக்குக் கதிர்வீச்சு போகவில்லை. ஹார்மோன் குறைவு மட்டும்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. அதனால்தான் இப்படிப்பட்ட குழந்தைகளை ஹார்மோன் டாக்டர்கள் நிற்க வைத்து ஒருமுறை, உட்கார வைத்து ஒருமுறை என்று இரண்டு உயரம் எடுக்கிறார்கள். பாய் அதைச் சட்டை, பேன்ட் என்று எடுத்து வைத்திருந்தார். இத்தனை வருடம் ஸ்கேன் பார்த்த யாரும் அவனை உட்கார வைத்து அளக்கவில்லை.

சரி, என் தப்பு. அதற்கு ஒரு வருடம் முன்பே அவன் அம்மா ஒரு சீட்டோடு என்னிடம் வந்திருந்தார். பையன் வகுப்பில் தூங்குகிறான், மலச்சிக்கல், எப்பவும் குளிர்கிறது என்கிறான் என்று அருகில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். சீட்டில் ஹீமோகுளோபினும், தைராய்டுக்காக வழக்கமாகப் பார்க்கும் டி.எஸ்.எச்.சும். டி.எஸ்.எச். 2.6 வந்தது. 0.5 முதல் 5 வரை இருக்கலாம் என்று தாளிலேயே அச்சடித்திருக்கும். "தைராய்டு நார்மல்மா, பயப்படாதீங்க" என்று நானே சொல்லி அனுப்பினேன்.

அது ஏன் தப்பு? டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பதல்ல, பிட்யூட்டரி சுரப்பது. சம்மாட்டியின் சத்தம் அது. தைராய்டு சோம்பினால் சம்மாட்டி சத்தத்தைக் கூட்டுவார், டி.எஸ்.எச். 10, 20, 50 என்று ஏறும். வழக்கமாக நாங்கள் பார்க்கும் தைராய்டு குறைவு இதுதான், இதற்கு டி.எஸ்.எச். ஒன்றே போதும். ஆனால் சம்மாட்டிக்கே தொண்டை போய்விட்டால்? படகு காலியாகத் திரும்பும், கரையில் ஒரு சத்தமும் இருக்காது. கரையில் நின்று கேட்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தோன்றும். தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்து நார்மல் என்று சொல்வது அப்படித்தான். கூடவே ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும். அது தைராய்டு உண்மையில் சுரந்தது, படகில் வந்த மீன். அவனுக்குப் பிறகு பார்த்தபோது 0.6 இருந்தது, எங்கள் தாளில் 0.9க்குக் கீழே போனால் குறைவு. அன்றைக்கு அந்தச் சீட்டைப் பார்த்தபோதே "பையனுக்குத் தலையில் கரண்டு வைத்ததை டாக்டரிடம் சொன்னீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர் சொல்லியிருக்கவில்லை. வயிற்றுக் கோளாறுக்கும் ஐந்து வருடத்துக்கு முந்திய தலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு பேச்சு உண்டு. மீன் சாப்பிடுகிறோம், பாசி எடுக்கிற ஊர், அயோடினுக்குப் பஞ்சமில்லை, தைராய்டு நமக்கு வராது என்பார்கள். அயோடின் என்பது சுரப்பிக்கு மூலப்பொருள். கதிர்வீச்சு பட்ட சுரப்பிக்கு மூலப்பொருள் மலை மலையாகக் குவித்தாலும் வேலை செய்ய ஆளில்லை. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று போன்றவற்றுக்குக் கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு இது பொருந்தும். அவர்களுக்குச் சுரப்பு குறைவதோடு, பத்து இருபது வருடம் கழித்துத் தைராய்டில் கட்டி வரவும் வாய்ப்பு கூடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்ப்பது அதற்குத்தான்.

தைராய்டு குறைவுக்கு மாத்திரை இருக்கிறது, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. சுலபம். ஆனால் பிட்யூட்டரி பாதித்தவர்களுக்கு அதைத் தொடங்கும் முன் ஒரு பரிசோதனை கட்டாயம்: கார்டிசால். அட்ரினல் சுரக்கிற இந்த ஹார்மோன்தான் காய்ச்சல், வாந்தி, ஆபரேஷன் சமயங்களில் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அதுவும் குறைவாக இருக்கும்போது தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால், மிச்சமிருக்கும் கொஞ்சக் கார்டிசாலையும் உடம்பு வேகமாகச் செலவழித்துவிடும். ஆள் மயங்கி விழக்கூடும். அதனால் கார்டிசால் குறைவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்த பிறகுதான் தைராய்டு. இந்தப் பரிசோதனையில் எங்களுக்கு ஒரு தலைவலி உண்டு. கார்டிசால் காலை எட்டு மணி சுமாருக்கு உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கிக்கொண்டே போய் மாலைக்குள் பாதியாகிவிடும். கருவாட்டு வேலை பார்க்கிற அம்மாக்கள் வெயில் ஏறுமுன் மீனைக் காயப் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வந்து கை நீட்டுவார்கள். அந்த ரத்தத்தை வாங்கி வைத்தால் வருகிற எண் யாருக்கும் உதவாது. "நாளைக்குக் காலையில ஏழரைக்கு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பித் திட்டு வாங்கியிருக்கிறேன். நம் பையனுக்குக் கார்டிசால் சரியாக இருந்தது.

வளர்ச்சி ஹார்மோனைப் பார்ப்பது இன்னும் சிக்கல். அது நாள் முழுக்கச் சீராகச் சுரக்காது, பெரும்பகுதி இரவுத் தூக்கத்தில் அலை அலையாக வரும். பகலில் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தால் நல்ல பிள்ளைக்கும் பூஜ்யம் காட்டலாம். அதனால் குளோனிடின் போன்ற ஒரு மருந்தைக் கொடுத்துச் சுரப்பியைத் தூண்டிவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை என்று இரண்டு மணி நேரத்துக்கு ரத்தம் எடுப்பார்கள். அந்த மருந்தில் ரத்த அழுத்தம் இறங்கும், தூக்கம் வரும். அதனால் இது என் கடை மாதிரி இடத்தில் செய்கிற வேலை அல்ல. மதுரைக்குப் போனார்கள். அப்போது ரயில் பாலம் மூடிக் கிடந்த காலம், 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை ரயில் பாலத்தைத் தாண்டவில்லை. பஸ்ஸில்தான் போய் வந்தார்கள்.

அங்கே இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். கையில் உள்ள குருத்தெலும்புகள் எவ்வளவு முதிர்ந்திருக்கின்றன என்று பார்த்து எலும்பின் வயதைச் சொல்வார்கள். 12 வயதுப் பையனின் எலும்புக்கு 10 வயது. கேட்கக் கவலையாக இருந்தாலும், இது நல்ல விஷயம். எலும்பின் நுனிக் குருத்து மூடிவிட்டால் எந்த ஊசியாலும் ஒரு சென்டிமீட்டர் கூட்ட முடியாது. தைராய்டு குறைவை நாற்பது வயதில் கண்டுபிடித்தாலும் மாத்திரை வேலை செய்யும். உயரத்துக்கு மட்டும் கெடு உண்டு.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி தினமும் இரவு, தோலுக்கு அடியில். புற்று அடங்கிக் குறைந்தது ஒரு வருடமாவது ஆன பிறகே தொடங்குவார்கள். செலவும் அதிகம். 2023 நடுவில் இவனுக்குத் தொடங்கினார்கள். பேனா போன்ற ஊசிக் குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஒருநாள் இரவு கரண்ட் போனது, அவன் அப்பா பதறிப்போய்ப் பேனாவை மீன் ஐஸ் பெட்டியில் ஐஸுக்கு நடுவே புதைத்து வைத்தார். காலையில் உறைந்து கட்டியாகியிருந்தது. உறைந்துபோனால் ஹார்மோன் கெட்டுவிடும், இளகினாலும் உதவாது. அத்தனை ரூபாயைக் குப்பையில் போட்டார்கள். இப்போது துணியில் சுற்றி, டப்பாவுக்குள் போட்டு, டப்பாவைத்தான் ஐஸ் அருகில் வைக்கிறார்கள்.

வளராமல் இருப்பது ஒரு பக்கம். சீக்கிரம் வளர்வதும் ஏமாற்றும். உச்சிப்புளிப் பக்கம் ஒரு சிறுமி, நாலு வயதில் ரத்தப் புற்று, தலைக்குக் கதிர்வீச்சு. ஏழரை வயதில் மளமளவென்று வளர்ந்தாள். "விட்டதப் பிடிச்சுட்டா" என்று பாட்டிக்கு ஒரே சந்தோஷம். மார்பு வளர ஆரம்பித்திருந்ததை யாரும் சொல்லவில்லை. கதிர்வீச்சு பட்ட மூளையில், வயதுக்கு வருவதைத் தடுத்து வைத்திருக்கும் பிடி தளர்ந்து, டோக்கன் ஆபீஸ் காலத்துக்கு முன்பே டோக்கனைக் கொடுத்துவிடுவதும் உண்டு. பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன், ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன் தொடங்கினால் அது சீக்கிரம். அந்த வேக வளர்ச்சி எலும்புக் குருத்தையும் சீக்கிரம் மூடிவிடும், கடைசியில் குட்டையாகவே நின்றுவிடுவார்கள். அதை நிறுத்தி வைக்க மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூப்ரோலைடு போன்ற ஊசி உண்டு. வீட்டில் சடங்குக்கு நாள் பார்ப்பதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

தாமதமும் அப்படித்தான். பெண்ணுக்கு 13 வயதில் மார்பு வளர்ச்சியே தொடங்கவில்லை, 15 வயதைத் தாண்டியும் மாதவிலக்கு வரவில்லை, பையனுக்கு 14 வயதில் எந்த மாற்றமும் இல்லை என்றால் "லேட்டா வந்தா நல்லதுதானே" என்று விடக் கூடாது.

இனி யாரும் வாய் திறந்து கேட்காத கேள்வி: குழந்தை பிறக்குமா? கீமோ மருந்துகளில் சைக்ளோபாஸ்பமைடு, இஃபாஸ்பமைடு, புரோகார்பசின், புசல்பான், மெல்பலான் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இவற்றின் மொத்த அளவு கூடக் கூட, சினைப்பைக்கும் விதைப்பைக்கும் பாதிப்பு கூடும். வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றால் இந்தப் பாதிப்பு பெரிதாகக் கிடையாது. ஆகவே 'கீமோ எடுத்தவள்' என்று ஒரே வார்த்தையில் யாரையும் அடைக்க முடியாது.

பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது, வயதுக்கு வரும்போது மூன்று நாலு லட்சம்தான் மிச்சம். புதிதாக ஒன்றும் உருவாகாது. சிகிச்சை அந்த இருப்பில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறது. சிலருக்கு மாதவிலக்கே வராது. பலருக்கு ஒழுங்காக வந்து, முப்பதுகளிலேயே நின்றுவிடும். அதனால் பிள்ளை வேண்டுமென்றால் தள்ளிப் போடாமல் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுவது நல்லது. பையன்கள் விஷயத்தில் ஒரு ஏமாற்று உண்டு. விதைப்பையில் ஆண் ஹார்மோன் சுரக்கும் செல்கள் முரட்டுத்தனமானவை, பெரும்பாலும் தாங்கிவிடும். விந்தணு உண்டாக்கும் செல்கள் மென்மையானவை. மீசை முளைத்து, குரல் உடைந்து, எல்லாம் சரியாக இருக்கிறவனுக்கும் விந்தணு இல்லாமல் இருக்கலாம். வயதுக்கு வந்த பையனென்றால் கீமோ தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்க வழியுண்டு. அந்தப் பதற்றத்தில் அதை யாராவது நினைவுபடுத்தினால்தான் உண்டு.

இதையும் சொல்லிவிட வேண்டும்: பிழைத்தவர்களில் ஏராளமானோருக்கு இயல்பாகவே குழந்தை பிறக்கிறது. பரம்பரையாக வரும் சில புற்றுகளைத் தவிர, அந்தக் குழந்தைகளுக்குப் புற்றோ பிறவிக் குறையோ கூடுதலாக வருவதில்லை.

எலும்பு, சர்க்கரை, எடை பற்றிச் சுருக்கமாக. ரத்தப் புற்றுக்கு மாதக்கணக்கில் கொடுக்கும் பிரெட்னிசலோன், டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டுகள் எலும்பின் கனத்தைக் குறைக்கும், சிலருக்கு இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று கெட்டுப்போகும். உடம்பு முழுவதற்கும் அல்லது வயிற்றுக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு, குண்டாக இல்லாவிட்டாலும்கூடச் சர்க்கரை நோய் வரக்கூடும். பிட்யூட்டரிக்கு மேலே வரும் சில கட்டிகளை எடுத்த பிறகு அடங்காத பசியும் எடையும் வரும். அந்தப் பிள்ளைகளைத் தின்னிப்பண்டாரம் என்று திட்டுவது அநியாயம், பசியை அடக்கும் இடமே அடிபட்டிருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளை எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் எடுக்க ஓட வேண்டாம். ஒரு சிறுநீரகக் கட்டியை அறுவைச் சிகிச்சையும் லேசான கீமோவும் கொடுத்து முடித்த குழந்தைக்கு ஹார்மோன் ஆபத்து மிகக் குறைவு. யாருக்கு எது என்பது ஒரே ஒரு காகிதத்தில் இருக்கிறது. என்ன நோய், எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடிந்தது, எந்தெந்த மருந்து மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எந்த இடத்துக்கு எத்தனை கிரே. சிகிச்சை முடியும்போது கேட்டால் இதை ஒரு பக்கத்தில் எழுதித் தருவார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடித்தவர்களைப் பார்ப்பதற்கென்றே 1991ல் தனி கிளினிக் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட கிளினிக் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு அந்தக் காகிதம்தான் கிளினிக்.

மதுரை டாக்டர் முதலில் கேட்டதும் அதைத்தான். அம்மா எடுத்துக் கொடுத்த ஃபைலில் உப்புக்காற்றில் ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கதிர்வீச்சுச் சீட்டை உரித்தபோது எழுத்து அடுத்த பக்கத்தோடு போய்விட்டது. சிகிச்சை கொடுத்த மருத்துவமனைக்கு எழுதி நகல் வாங்க ஏழு வாரம் ஆனது. எலும்புக் குருத்துக்குக் கெடு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதில் ஏழு வாரம். இன்னொரு வீட்டையும் எனக்குத் தெரியும். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஃபைலையே அடுப்பில் வைத்தார்கள். அவர்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் முப்பது வயதில் மாதவிலக்கு நின்றுபோய் வந்து உட்காரும்போது, எந்த மருந்து எவ்வளவு என்று சொல்ல அந்தச் சாம்பலால் ஆகாது.

நகல் வந்ததும் போனில் படம் எடுத்து, எனக்கும் பாய்க்கும்கூட அனுப்பி வைத்துவிட்டார் அந்த அம்மா. 2024 நவம்பரில் ராமேஸ்வரம் தீவில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்று அவர்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர். ஃபைல் போயிற்று. படம் இருந்தது.

அந்த டிசம்பரில் பாய் மறுபடி அளந்தார். பேன்ட் 34½, சட்டை 22. கால்கள் ஊசிக்குக் கேட்டிருக்கின்றன, முதுகு முக்கால் அங்குலம்தான் கொடுத்திருக்கிறது. இனியும் பெரிதாகக் கொடுக்காது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். பேன்ட் கால் இரண்டிலும் உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டு மடித்துத் தைத்திருக்கிறார் பாய். சட்டையில் விடவில்லை.